வானத்துக்கு மூலப்பத்திரம்

விண்வெளி எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்ற கேள்வி, போடிநாயக்கனூரில் ஒரு வளைகாப்பையே நிறுத்தப் பார்த்தது.

வளைகாப்பு மொக்கச்சாமியின் ஒரே மகள் பானுப்பிரியாவுக்கு. மொக்கச்சாமி சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் சங்கிலியும் கல்லுமாகத் திரிந்து, அண்ணன் தம்பி வரப்புத் தகராறுகளை நூற்றுக்கணக்கில் தீர்த்து வைத்தவர். இப்போது தன் வீட்டுத் தகராறைத் தீர்க்க வழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

தகராறு செய்த இருவருமே அவருக்கு வேண்டியவர்கள். ஒருவர் பெரியகருப்பன், மனைவி ராக்குவின் அண்ணன். பானுப்பிரியாவுக்குத் தாய்மாமன். அவர் கையால் முதல் வளையல் ஏறாமல் வளைகாப்பு நடக்காது. இன்னொருவர் சம்பந்தி ஈஸ்வரன். வளைகாப்பு அவர் வீட்டில்தான். அவர் வாசலில் நின்று ‘வாங்க’ என்று சொல்லாமலும் நடக்காது.

இருவருக்கும் மலைமேல் ஏலத்தோட்டம், ஊருக்குள் ஏலக்காய் வியாபாரம். பங்குனித் திருவிழாவில் முதல் பரிவட்டம் யார் தலையில் என்று பதினோரு வருஷமாக இழுபறி. துணி என்னவோ ஒன்றரை முழம் பட்டுதான். போன வருஷம் பூசாரி அதைக் கையில் எடுத்ததும் இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்து, மடேரென்று முட்டிக்கொண்டன. ஈஸ்வரனுக்கு நெற்றியில் மூன்று தையல்.

கோயில் கமிட்டி வெறுத்துப் போயிருந்த நேரத்தில்தான் ஈஸ்வரன் ஒரு செய்தியோடு வந்தார். நம் நாட்டு வீரர் ஒருவர், நானூறு கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் நிலையத்துக்குப் போகப் போகிறார். அவருக்குக் கட்டிக்கொடுக்கும் பாயசப் பொடியில் ஈஸ்வரன் கடை ஏலக்காய்!

இதைக் கேட்ட பெரியகருப்பனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் அமெரிக்காவில் இருக்கும் மகன் பிரதீப்புக்கு போன் போட்டார். பிரதீப் வேலை பார்த்தது, பணக்காரர்களை ராக்கெட்டில் ஏற்றி, பத்து நிமிஷம் மேலே கொண்டுபோய்க் காட்டிவிட்டுப் பத்திரமாக இறக்கிவிடும் ஒரு கம்பெனியில். அந்த ராக்கெட்டில் கால் கிலோ ஏலக்காய்க்கு இடம் பிடித்துக் கொடுத்தான் பிள்ளை.

“ஆக, ரெண்டு பேரு காயும் போகுது” என்றார் கமிட்டித் தலைவர் பால்ராஜ். “யாரு காய் மொதல்ல விண்வெளிக்குப் போகுதோ, அவருக்கே இந்த வருசம் மொதப் பரிவட்டம். நமக்கும் தலைவலி விட்டுச்சு.”

தலைவலி அன்றைக்குத்தான் பிடித்தது.

ஈஸ்வரனின் ராக்கெட் ஐந்து முறை தள்ளிப்போனது. முதலில் எங்கோ கசிவு. பிறகு மழை. அதன் பிறகு, மேலே இருக்கும் நிலையத்தில் காலியாக இருந்த ஒரே வாசலை யாருடைய விண்கலத்துக்கு விடுவது என்று இரண்டு நாடுகளுக்குள் முறைப்பு. அது தீர்ந்ததும், ராக்கெட் முதலாளிக்கும் அவர் நாட்டு அரசாங்கத்துக்கும் மனஸ்தாபம். ‘என் ராக்கெட்டைத் தர மாட்டேன்’ என்று அவர் காலையில் சொன்னார். சாயங்காலம் ‘தருவேன்’ என்றார்.

“எம்புட்டு பெரிய ஆளுகளா இருந்தாலும் நம்ம கமிட்டி மாதிரிதான்டா இருக்காய்ங்க” என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

இந்த இடைவெளியில் பெரியகருப்பனின் ஏலக்காய் சத்தமில்லாமல் மேலே போய், எண்பத்தாறு கிலோமீட்டரைத் தொட்டுவிட்டு, சத்தமில்லாமல் கீழே வந்தது. சத்தத்தையெல்லாம் பெரியகருப்பன் போடியில் போட்டார். பத்தாயிரம் வாலா. தேவாரம் ரோடு வரைக்கும் ஃப்ளெக்ஸ். ‘விண்வெளி கண்ட ஏலக்காய் வேந்தரே!’ என்ற எழுத்துக்குக் கீழே, ராக்கெட்டின் மேல் கால்மேல் கால் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து ஈஸ்வரனின் ஏலக்காய் நானூறு கிலோமீட்டர் ஏறியது. ஏறிய அன்றே ஈஸ்வரன் போனைத் தூக்கிக்கொண்டு கமிட்டிக்கு வந்தார்.

“எங்க பையன் அருண்பாண்டி தேடி எடுத்துட்டான். விண்வெளி எண்பது கிலோமீட்டர்ல ஆரம்பிக்குதுன்னு சொல்றது அமெரிக்காக்காரங்க. ஒலகத்துல மத்த ஆளுக நூறுன்னுதான் சொல்றாங்க. அவரு காய் போனது எண்பத்தாறு. வாசப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டு, விருந்து சாப்பிட்டேன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?”

“எண்பதுன்னு சொன்னவன்தான்யா நெலாவுலயே நடந்தான்!” என்று துள்ளினார் பெரியகருப்பன். “அவனுக்குத் தெரியாததா உமக்குத் தெரிஞ்சிருச்சு?”

“அந்த ஊர்லயே போட்டிக் கம்பெனிக்காரன் வெளம்பரம் போட்டிருக்கான் பாருங்க. ‘நாங்கதான் நெசமான கோட்டைத் தாண்டுறோம், எங்ககிட்ட வாங்க’ன்னு. அப்ப மத்தவன் தாண்டுறது என்ன கோடு?”

பால்ராஜ் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, ஊர் வழக்கப்படி ஒரு முடிவுக்கு வந்தார்.

“இது எல்லைத் தகராறு. சர்வேயரைக் கூப்பிடுங்க.”

அன்று மத்தியானமே மொக்கச்சாமியின் வீட்டில் மழையும் இடியும்.

“எங்க அண்ணனுக்கு எதிரா ஒரு வார்த்தை சொன்னீங்க, அப்புறம் நீங்களே பொங்கித் தின்னுக்கங்க” என்றாள் ராக்கு. “எண்பதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? நம்ம காசா, பணமா?”

“எண்பதுன்னா சம்பந்தி கதவைச் சாத்திருவாரு. நூறுன்னா உங்க அண்ணன் வளையலைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாரு.”

போன் அடித்தது. பானுப்பிரியா.

“அப்பா, எண்பதோ நூறோ எனக்குத் தெரியாது. எனக்கு ஏழாம் மாசம். அந்த மாமா வந்து வளையல் போடணும். இந்த மாமா வாசல்ல நின்னு அவரை வாங்கன்னு கூப்பிடணும். ரெண்டுல ஒண்ணு கொறஞ்சாலும் நான் மணையில உக்கார மாட்டேன். வர்ற புதன்கிழமை வளைகாப்பு. நாளு இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க.”

வியாழக்கிழமை காலை கமிட்டி கூடியது. மொக்கச்சாமிக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. என்ன சொல்வதென்றே தெரியாமல் எழுந்தார். எழுந்து நின்றதும், முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் அவர் வாயைத் திறந்து தானாகப் பேசியது.

“அளக்குறதுக்கு முந்தி ரெண்டு தரப்பும் மூலப்பத்திரம் கொண்டாங்க. அது இல்லாம நான் சங்கிலியைக் கையால தொட்டதில்ல.”

“வானத்துக்கு ஏதுய்யா மூலப்பத்திரம்?” என்றார் பால்ராஜ்.

“வானத்துக்கு இல்லாட்டி காய்க்கு. எந்தத் தோட்டம், எந்தப் பாத்தி, எந்த மாசம் பறிச்சது. மேல போனது அவங்கவங்க காய்தான்னு முதல்ல நிக்கட்டும். அப்புறம் எவ்வளவு தூரம் போச்சுன்னு பாப்போம். சனிக்கிழமைக்குள்ள வேணும்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஏதோ ஒன்றைச் சொல்லித் தப்பித்தோம் என்றுதான் நினைத்தார். எதிரே பார்த்தால், பெரியகருப்பன் முகமும் ஈஸ்வரன் முகமும் ஒரே மாதிரி வெளுத்திருந்தன.

மறுநாள் பதினொரு மணிக்கு ஈஸ்வரன் கொல்லைப்புற வழியாக வந்தார்.

“சம்பந்தி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். என் தோட்டத்துக் காயை லேப்புல திருப்பி அனுப்பிட்டான். மருந்து அடிச்ச தடம் இருக்காம். மருந்தே அடிக்காத காய் இந்த மலையில யாருட்ட இருக்கு? போடிமெட்டுல ரெண்டு ஏக்கர் வச்சிருக்கே, ஜக்கம்மாள்னு ஒரு அம்மா, அதுகிட்டதான். மருந்து வாங்க வசதியில்லாததுனால அது அடிக்கிறதில்ல. அங்க வாங்கி என் பையில போட்டு அனுப்பிட்டேன். வெளிய தெரிஞ்சா நான் ஊருக்குள்ள நடக்க முடியாது.”

“சரி, போங்க. யோசிப்போம்” என்றார் மொக்கச்சாமி.

சாப்பாட்டு நேரத்துக்குப் பெரியகருப்பன் வந்தார். தங்கச்சி அடுப்படிக்குள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

“மாப்ளே, நம்ம தோட்டத்துல அழுகல் விழுந்து காயெல்லாம் சுண்டிப்போச்சுல்ல? அமெரிக்காக்காரன் முன்னாடி சுண்டைக்காய் சைசுல நீட்ட முடியுமா? எட்டு மில்லி சல்லடையில விழாம நிக்கிற பெரிய காயாத் தேடுனேன். போடிமெட்டுல ஒரு அம்மா…”

“ஜக்கம்மாளா?”

“உனக்கு எப்படி மாப்ளே தெரியும்?”

“அந்தக் காட்டை நான்தான் அளந்து கல்லு போட்டேன்” என்று சொல்லிவிட்டு மொக்கச்சாமி துண்டால் வாயை மூடிக்கொண்டார். இருமுவதைப் போல நெடுநேரம் குலுங்கினார். பெரியகருப்பன் பயந்துபோய்த் தண்ணீர் மோந்து கொடுத்தார்.

அவர் போன பிறகு மொக்கச்சாமி தனியாக உட்கார்ந்து யோசித்தார். பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறார்! ஒரு நாட்டு ராக்கெட்டில் இன்னொரு நாட்டு என்ஜின். அதைச் செய்ய மூன்றாவது நாட்டு உலோகம். கணக்குப் போட்டுக் கொடுத்தது நாலாவது நாட்டுப் பிள்ளை. மேலே பறக்கும்போது கொடி மட்டும் அவனவன் கொடி. பெரியவர்களே அப்படி இருக்கும்போது, போடிக்காரர்களைச் சொல்லி என்ன? ஆனாலும் இரண்டு ரகசியமும் தன் மடியில் இருக்கும்போது, அதை அவிழ்க்காமலே எப்படி விலைபேசுவது என்றுதான் அவருக்கு யோசனை ஓடியது.

சனிக்கிழமை மூலப்பத்திரத்தோடு இருவருமே வரவில்லை; மொக்கச்சாமியும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருவிழா. கோயில் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. மலையிலிருந்து ஜீப்பு ஜீப்பாக ஆட்கள் இறங்கியிருந்தார்கள். பூசாரி தட்டில் பரிவட்டத்தோடு நின்றார். இரண்டு தலைகளும் இந்தத் தடவை எச்சரிக்கையாக நாலடி தள்ளி நின்றன.

மொக்கச்சாமி தொண்டையைச் செருமினார்.

“போடிமெட்டுல நம்ம செக்போஸ்ட்டு ஒரு எடத்துல இருக்கு. கேரளாக்காரன் செக்போஸ்ட்டு அதுக்கு அங்கிட்டு இருக்கு. நடுவுல கொஞ்சம் ரோடு. அங்க ஒரு ஜீப்பு பழுதாகி நின்னா, இவன் அவனைக் கேளும்பான், அவன் இவனைக் கேளும்பான். வானத்துலயும் அதே கதைதான். எண்பதுல ஒருத்தன் செக்போஸ்ட்டு போட்டிருக்கான், நூறுல மத்தவங்க போட்டிருக்காங்க. நடுவுல இருக்குற இருபது கிலோமீட்டரு, என் கணக்குல, புறம்போக்கு.”

கூட்டம் சிரித்தது.

“பெரியகருப்பன் காய் முதல்ல போச்சு, வாஸ்தவம். ஆனா போனது புறம்போக்கு. அதுக்கு நான் பட்டா தர முடியாது. ஈஸ்வரன் காய் பட்டா எடத்துக்கே போச்சு, அதுவும் வாஸ்தவம். ஆனா பிந்திப் போச்சு. ஆக, ரெண்டு பேருக்கும் பரிவட்டம் இல்ல.”

இருவருக்கும் கோபம் பொங்கியது. வாயைத் திறந்தார்கள். மொக்கச்சாமி இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

“சண்டையே வானத்துக்கு யாரு கிட்டன்னுதானே? அதை என்னால அளக்க முடியும். ஏலக்காய் போடுறவங்கள்ல, நான் அளந்த வரைக்கும் ஒசரமான எடத்துல எல்லைக்கல்லு நிக்கிறது ஜக்கம்மாள் காட்டுலதான். அந்த அம்மாவுக்குக் கட்டுங்க. யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க. மூலப்பத்திரத்தையெல்லாம் இங்கயே பிரிச்சு வச்சுப் பேசிருவோம்.”

“நல்ல தீர்ப்பு!” என்று கத்தினார் பெரியகருப்பன்.

“ரொம்ப நல்ல தீர்ப்பு!” என்று அதே மூச்சில் கத்தினார் ஈஸ்வரன்.

கத்திவிட்டு இருவரும் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீரு ஏன்யா ஒடனே சரின்னீரு?”

“நீங்க ஏன் சரின்னீங்க?”

அதற்குள் யாரோ ஜக்கம்மாளைக் கூட்டத்தின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஐம்பது வயது. இடுப்பில் சொருகிய சேலையை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் முன்னால் வந்து நின்றாள். எதிரே நின்ற இருவரையும் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அட, மொதலாளிக ரெண்டு பேரும் இங்கதான் நிக்கிறீகளா? நான் குடுத்த காய் நல்லா இருந்துச்சா சாமி?”

“இருந்துச்சு ஆத்தா” என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

நல்ல வேளை, மேளம் கொட்ட ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் நின்ற மொக்கச்சாமியைத் தவிர யார் காதிலும் விழவில்லை. பெரியகருப்பன் ஈஸ்வரனை மேலும் கீழும் பார்த்தார். ஈஸ்வரன் தூணைப் பிடித்துக்கொண்டார். முதலில் அவருடைய தோள் குலுங்கியது. அடுத்து பெரியகருப்பனின் தொந்தி குலுங்கியது. பதினோரு வருஷமாக முறைத்துக்கொண்டிருந்த இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பதைப் பார்த்து, சாமிதான் இறங்கிவிட்டதென்று பால்ராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பூசாரி மட்டும் தயங்கினார். “பொம்பளை ஆளுக்கு இதுவரைக்கும் கட்டுனதில்லையே…”

“எனக்கு எதுக்கு சாமி இதெல்லாம்?” என்றாள் ஜக்கம்மாள். “கட்டுறதுன்னா வெரசாக் கட்டுங்க. மலைக்குப் போற ஜீப்பு கெளம்பிரும். சோலி கெடக்கு.”

கட்டினார்கள். பட்டுத்துணியைத் தலையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அவள் மொக்கச்சாமியின் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

“அய்யா, மெய்யாலுமே என்னமோ தூரமாப் போச்சுன்னு பேசிக்கிறாக. என் காயா போச்சு?”

“போச்சு ஆத்தா. ரொம்ப ஒசரம்.”

“மூணாறுக்கும் மேலயா?”

“அதுக்கும் மேல.”

“அங்க குளிருமே” என்றாள் ஜக்கம்மாள், கவலையாக.

மண்டபப் படியில் இறங்கும்போது ஈஸ்வரன் பெரியகருப்பனின் கையைப் பிடித்தார்.

“புதன்கிழமை வெரசா வந்துருங்க. நான் தெருமுக்குலயே நிக்கிறேன்.”

“வர்றேன். ஆனா நீரு வாயைத் தொறக்கக் கூடாது.”

“நான் தொறந்தா நீங்க தொறப்பீங்களே.”

“அது இருக்கட்டும், தொறக்கக் கூடாது.”

புதன்கிழமை ஈஸ்வரன் சொன்னபடி தெருமுக்கில் நின்றார். நாதஸ்வரமும் வைத்திருந்தார். பெரியகருப்பன் இருபத்தோரு தட்டோடு இறங்கினார். மணையில் பானுப்பிரியா உட்கார, தாய்மாமன் முதல் வளையலை ஏற்ற, மாமனார் பக்கத்தில் நின்று தட்டைப் பிடித்தார். மகளின் முகத்தைப் பார்த்தபோது மொக்கச்சாமிக்கு ஒரு வாரம் கழித்து முதல் தடவையாகப் பசித்தது.

பந்தியில் ராக்கு புளியோதரைச் சட்டியோடு அவர் இலைக்கு முன் வந்து குனிந்தாள்.

“என்ன இருந்தாலும், எங்க அண்ணன் காய்தானே மொதல்ல போச்சு?”

“ஆமா” என்றார் மொக்கச்சாமி. “இன்னும் கொஞ்சம் வையி.”