ரிப்பன்களுக்கு நடுவே ஒரு பூட்ஸ் கயிறு

1

இந்தக் கதையை நான் உண்டாக்கவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டேன். சொல்லிவந்தவர் என் கணவர் ஆர்னோ. போன அக்டோபரில், உருளைக்கிழங்கு தோண்டி முடித்த வாரம், அவர் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் கிளம்பும்போது ஒன்றையே சொன்னார்கள்: "அந்தக் குதிரைக் கதைய யாராவது எழுதி வைக்கணும்." யாராவது என்று சொல்லிக்கொண்டே என்னைத்தான் பார்த்தார்கள்.

எழுதுகிறேன். ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கடைசியில் ஒப்புக்கொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "1876ஆம் ஆண்டு, ஜெர்மனியின் பொமரேனியாவிலிருந்து புறப்பட்ட கப்பலை மலைபோன்ற அலைகள்..."

வேண்டாம். நான் கடலையே பார்த்ததில்லை. அமெரிக்காவில் இந்த விஸ்கான்சினைத் தாண்டியதும் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: "அண்ணன் தம்பி இருவர் இருந்தனர்." இது பரவாயில்லை. அண்ணன் ஆல்பெர்ட், தம்பி எமில். கப்பலை விட்டு இறங்கும்போது ஆல்பெர்ட்டின் ஆறு வயது மகள் ஓட்டிலியைத் தோளில் தூக்கிவந்தவர் எமில். (ஓட்டிலிதான் பிற்பாடு ஆர்னோவைப் பெற்றவள், என் மாமியார்.) நான்கு ஆண்டுகள் எல்லோருக்கும் ஒரே அடுப்பு. பிறகு ஊரிலிருந்து கடிதம் வந்தது, அம்மா இறந்துவிட்டாள் என்று. அது எமில் கையில் கிடைத்தது. ஆல்பெர்ட்டின் வயலில் அறுவடை. எமில் கடிதத்தைப் பத்து நாள் சட்டைப்பைக்குள் வைத்திருந்து, கடைசிக் கோதுமைக்கட்டு களஞ்சியத்துக்குள் போன பிறகு நீட்டினார்.

"பத்து நாளாடா? அம்மா செத்துப்போயிட்டா, நான் சீட்டியடிச்சுக்கிட்டு அறுத்திருக்கேன்!"

"கடிதாசி வந்து சேரவே அஞ்சு வாரம் ஆச்சுண்ணே. அதோட பத்து நாளுங்கிறது..."

அந்த வாக்கியத்தை முடிக்க விடவில்லை அண்ணன். எமில் அடுத்த பண்ணைக்குக் குடிபோனார். பதினோரு ஆண்டுகள் பேச்சில்லை.

(எமில் செய்தது பரிவா, தப்பா? நேற்று தப்பு என்று எழுதி அடித்தேன். இன்று காலை பரிவு. நாளைக்கு எழுதினால்...)

3

ஓட்டிலிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: சித்தப்பா வர வேண்டும்.

"அவன் பேரை இந்த வீட்ல எடுக்காதே."

"பேரை எடுக்கலையேப்பா. சித்தப்பான்னுதானே சொன்னேன்?"

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குக் கடிதம் போடுவதில்லை. அழைப்புக்காரர் குதிரையேறி வீடு வீடாகப் போய்ப் பாட்டாகப் பாடி அழைப்பார். வருகிறோம் என்பதற்கு அடையாளமாக வீட்டார் அவர் தொப்பியில் ஒரு ரிப்பனைக் குத்திவிட்டு, ஒரு குவளை சாராயமும் கொடுப்பார்கள். குடிக்காமல் நகர்ந்தால் வீட்டுக்கு அவமானம். அழைக்க வேண்டியவை இருபத்திரண்டு வீடுகள்.*

* ஆம். இருபத்திரண்டு குவளைகள்.

4

அழைப்புக்காரர் யோகிம் ராட்கே நல்ல மனிதர், ஒரு குவளைகூட மறுக்காதவர். அவருக்குக் குதிரை கொடுத்தது ஓட்டிலி. "லீஸய எடுத்துக்கோங்க மாமா. மத்ததெல்லாம் ஏர்ல பூட்டியிருக்கு."

லீஸ பிறந்தது எமிலின் லாயத்தில். கைமாறிக் கைமாறி ஆல்பெர்ட்டிடம் வந்த குதிரை.

பதினேழாவது வீட்டுக்குப் பிறகு யோகிம் சேணத்தின் மேலேயே உறங்கிப்போனார். லீஸ தன் இஷ்டத்துக்கு நடந்தது. அது நின்றதும் யோகிம் கண்ணைத் திறக்காமலே தொடங்கினார்:

"பீப்பாய் வத்தாது, பானை ஆறாது,
பிடில் ஓயாது, காலும் நிக்காது!
கத்தியும் கரண்டியும் கையோட கொண்டாங்க,
கல்யாண வீட்டுக்கு வந்து சேருங்க!"

"நல்லாத்தான் பாடுறே," என்றது ஒரு குரல். "ஆனா நீ இப்ப கூப்பிட்டது என் மாட்டை."

யோகிம் கண்ணைத் திறந்தார். எதிரே தொழுவம், மாடு, பால் வாளியோடு எமில்.

"ஐயையோ! எமிலு, உன் வீடா இது?"

"வீடு அந்தப் பக்கம். மாடு வர்ற மாதிரி தெரியலை. அதுக்குப் பதிலா நான் வரலாமா?"

பாடிய அழைப்பைத் திரும்ப வாங்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. யோகிம் தொப்பியைக் கழற்றி நீட்டினார். எமில் தனிக்கட்டை, வீட்டில் ரிப்பன் ஏது? குனிந்து, தன் இடது பூட்ஸின் கயிற்றை உருவித் தொப்பியில் கட்டினார்.

5

மாமியாரை ஒருமுறை கேட்டேன், வேண்டுமென்றே அந்தக் குதிரையைக் கொடுத்தீர்களா என்று. மாவு பிசைந்தபடியே சொன்னார்: "குதிரைக்குப் பிறந்த வீடு ஞாபகமிருக்கும்னு எனக்கு யாரும்மா சொன்னா?" கண் மட்டும் சிரித்தது. கதைக்குள் அவரை எப்படி வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கள்ளியாக வைத்தால் கோபித்துக்கொள்வார். அப்பாவியாக வைத்தால் அதைவிடக் கோபித்துக்கொள்வார்.

6

கல்யாண நாள். எமில் வேலிக்கதவுக்கு வெளியே நின்றார். கையில் துணியில் சுற்றிய கத்தியும் கரண்டியும். வலது பூட்ஸில் கயிறு, இடது பூட்ஸில் வைக்கோல் கட்டும் சணல். பிடில் நின்றது. ஆல்பெர்ட் எழுந்து, முற்றத்தைக் கடந்து, கதவருகே போய், தம்பியின் காலைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. எமிலும் சிரித்தார். சிரித்தபடியே ஆல்பெர்ட் தம்பியின் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தார்.

அது என்ன வாக்கியம்?

சிக்கல் அதுதான். அந்த இடம் வந்ததும் ஆர்னோவுக்குச் சிரிப்பு முட்டிக்கொள்ளும். மேசையைத் தட்டுவார், கண்ணில் நீர் வழியும், வாக்கியம் சிரிப்பிலேயே கரைந்துவிடும். அவரைப் பார்த்து நாங்களும் சிரிப்போம். முப்பத்தெட்டு ஆண்டுகள், காதில் விழாத ஒரு வாக்கியத்துக்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அடுத்த தடவை கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

முயன்று பார்த்தேன்:

"உள்ள வாடா, சூப் ஆறுது." (நான் சொல்லியிருப்பேன். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.)

"பத்து நாள் முன்னாடியே வந்திருக்கலாமே?" (கெட்டிக்காரத்தனம். ஆல்பெர்ட் அப்படிப்பட்டவர் அல்ல.)

"ஒரு காலை மட்டும் கல்யாணத்துக்கு..."

இல்லை.

தொப்பி என்னிடம்தான் இருக்கிறது: இருபத்திரண்டு பட்டு ரிப்பன்கள், ஒரு பூட்ஸ் கயிறு. வாக்கியம் மட்டும் இல்லை. ஆகவே கீழே இடம் விட்டிருக்கிறேன், பென்சிலால் எழுதுங்கள்.

ஆல்பெர்ட் தம்பியின் காலைப் பார்த்துச் சொன்னார்: "..............................................."

சரிபார்ப்பது சுலபம். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போது உரக்கப் படியுங்கள். உங்களால் படித்து முடிக்க முடிந்தால், அது அந்த வாக்கியம் அல்ல.