திருத்தியவர் பெயர்

அந்த ஆளுக்கு வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. எதற்கு மறைக்க வேண்டும்? என் தங்கையின் புருஷன்தான். ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. லேபின் டேட்டாபேஸ் என் பொறுப்பு. எனக்கு முன்னால் அது அவனிடம் இருந்தது. இப்போது அவன் பதிவுப் பிரிவில் இருக்கிறான். நாலு வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவை யாரோ மாற்றியிருந்தார்கள். தப்பான மருந்து போய், ஆள் மயிரிழையில் பிழைத்தார். எங்களிடம் ஒரு டிரிகர் உண்டு. எந்த முடிவை யார் திருத்தினாலும் அது தானாக ஓடி, திருத்தியவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்துவிடும். அந்த ஒரு வரியைத் தேடினேன். அவன் பெயர்! "வசமா மாட்டினியா" என்று வாய்விட்டே சொன்னேன்.

மேலாளர் அம்மா நம்பவில்லை. "அவருக்கு லேப் பக்கம் அனுமதியே இல்லையே?"

"டிரிகரை எழுதுனதே அவர்தான் மேடம். கொல்லைப்புறமா நுழைய வழி வச்சிருப்பார்."

"பதினோரு மணிக்கு விசாரணை. இந்த மாசத் திருத்தம் மொத்தத்தையும் பிரிண்ட் எடுத்துட்டு வாங்க."

அவன் லட்சணம் எனக்குப் புதிதா என்ன? நாலு வருஷத்துக்கு முன் தங்கை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பிரசவ வலியில் துடித்தபோது, வெளியூர்ப் பயிற்சி முடிந்து திரும்பிக்கொண்டிருப்பதாகவும், வெள்ளத்தில் ரோடு துண்டாகிவிட்டதாகவும் போனில் சொன்னான். மூன்றாம் நாள் வந்து நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. பதிவில் அவன் பெயரைப் போட்டுத் தேடினேன். இரண்டு நாளும் வரிசையாகத் திருத்தங்கள். ஊருக்குள் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியின் ஆறு கிளைகளில் ஏதோ ஒன்றில் உட்கார்ந்தால்தான் அதைச் செய்ய முடியும். தாளைத் தங்கையிடம் நீட்டினேன். "உன் புருஷன் ஊர்லயேதான் இருந்திருக்கான், பாரு." தன் தலையில் அடித்து அவன் சத்தியம் செய்தான். அவள் கேட்கவில்லை. கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிரிண்டர் பதினோரு பக்கம் துப்பியது. முதல் பக்கம் முழுக்க அவன் பெயர். இரண்டாவதும் அப்படியே. கடைசிப் பக்கம் வரை வேறு பெயரே இல்லை! முந்தின நாள் என் கையால் நான் செய்த திருத்தத்துக்கு எதிரேயும் அவன் பெயர்தான்.

டிரிகரைத் திறந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் யார் என்று கேட்க வேண்டிய இடத்தில், தன்னை உருவாக்கியவர் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தது அது. அவசரத்தில் செய்த வேலை. கடைசியாக மாற்றிய தேதியைப் பார்த்தேன். பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அவன் பயிற்சிக்குக் கிளம்பிய நாள்.

அந்த ஒரு வரியை மட்டும் கொண்டுபோய் நீட்டினால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். நினைத்தேன்தான். பிறகு அந்தத் தேதி உறைத்தது: அன்று தங்கையிடம் நான் நீட்டிய தாளும் அதற்குப் பிந்தியதுதான்.

விசாரணையில் மேலாளர் அம்மாவையே அவர் கணக்கில் நுழைந்து, சோதனைக்காக ஒரு போலி முடிவைத் திருத்தச் சொன்னேன். பதிவில் அவன் பெயர் விழுந்தது. "கண்றாவி" என்றார். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினார்கள் என்று சர்வரில் தேடச் சொல்லிவிட்டு, அவனை அனுப்பிவிட்டார்.

வராந்தாவில் அவனை மறித்தேன். "எழுதுனது நீதானே?"

"எழுதுனது நான்தான். அதைத் திறந்து பாருங்கன்னு அன்னிக்கே கெஞ்சுனேன். டேட்டாபேஸ் சாவி உங்ககிட்டதான் இருந்துச்சு."

"மாப்பிள்ளை..."

"அப்படிக் கூப்பிடாதீங்க சார்."

வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அழவில்லை. அலமாரியைத் திறந்து, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இருந்த உறையை எடுத்தாள். அந்தப் பழைய தாளும் அதற்குள்தான் இருந்தது. விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நிறுத்தி, பிரசவச் சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அண்ணா, இது என்னோட நம்பர்."

காலை ஒன்பது பத்து. என் தங்கையின் பரிசோதனைச் சீட்டு. திருத்தியவர் இடத்தில் அவன் பெயர்.

"வயசு தப்பா இருந்துச்சு, நானே ஓடிப்போய்த் திருத்திட்டு வந்தேன்னு அன்னிக்கு நீதானே சொன்னே?"

அந்த வரியை அப்போதுதான் குனிந்து படித்தேன்.

"நீ பண்ணினதையே எடுத்து என் கையில குடுத்திருக்கே. ஒரு வரியாவது படிச்சியா?"

"அவன் பேரைப் பார்த்தேன். அதுவே போதும்னு இருந்துட்டேன்."

தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிள்ளைக்குச் செருப்பை மாட்டினாள். நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.

"சேர்த்துக்குறாரோ, கதவைச் சாத்துறாரோ, நான் பாத்துக்குறேன். நீ கூட வராதே."