நாற்பத்தொரு மரணங்கள், என் கையெழுத்தில்

1

இந்தக் கதை பிறந்த இடம் என் காலுறை டப்பா. அதில் காலுறை இல்லை; எண் பொறித்த நாற்பத்தொரு அலுமினியத் தகடுகள் இருக்கின்றன. அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். ஆகவே கொஞ்சம் சுற்றி வளைக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: மலை தன் நெடிய மௌனத்தை... (வேண்டாம். மலை அப்படி எதையும் செய்யவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: ஒரு காட்டுப் பயறு. பல்லாண்டு வாழும். நிலம் சரிந்து வெறுங்கல்லாய்க் கிடக்கும் மலைச்சரிவில் முதல் ஆளாகக் குடியேறும். அதன் வேர்முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். இலை உதிர்ந்து மக்கினால் அது மண்ணுக்கு. அந்த மண்ணில் புல் வரும், பிறகு புதர் வரும். எல்லாரும் வந்து சேர்ந்ததும் பயறுக்கு இடமிருக்காது. (விடுதி அறைக்குப் பாய் வாங்கி வந்தவனே வராந்தாவில் படுப்பது போல.)

3

அக்கா உடன்பிறந்தவர் அல்ல. எங்கள் துறையின் முனைவர் பட்ட ஆய்வாளர். அந்தச் சரிவில் நாற்பத்தொரு பயறுச் செடிகளின் பக்கத்தில் எண் தகடு நட்டு, ஐந்து வருடமாக ஒவ்வொன்றையும் அளந்து வருகிறார். ஆய்வேட்டுக்கு இன்னும் ஒரு கோடைதான் பாக்கி. அப்போது பார்த்துக் கால் முறிந்தது. (மலையில் அல்ல. துறைப் படிக்கட்டில்.)

“தம்பி*, பனி விழறதுக்கு முன்னாடி ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடு. இருக்கா, செத்துடுச்சான்னு குறிச்சா போதும்.”

“செத்திருந்தா?”

“தகட்டப் பிடுங்கிடு. ஆனா சாகாதுடா. உன்ன மாதிரிதான், சொரணை கெட்ட பிறவி.”

* உறவுமுறை அல்ல. வேலை வாங்கும் முறை.

4

இந்தக் கதையில் நம்ப முடியாத பாத்திரம் ‘நான்’. தாவரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன், பனி விழுந்து மூன்று வாரம் கழித்துப் போகிறான். தரைக்கு மேல் எல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடக்கிறது. ஒரு வேரைக்கூடத் தோண்டிப் பார்க்காமல், ‘இறந்தது’ என்று நாற்பத்தொரு முறை எழுதுகிறான். நாற்பத்தொரு தகடுகளையும் பிடுங்குகிறான். இருபதாவதில்கூடச் சந்தேகம் வரவில்லையா? வந்தது. தோண்ட முடியாதபடி கை குளிரில் விறைத்திருந்தது.

அடுத்த வாரம் வகுப்பில் ஆசிரியர், “மேல காஞ்சாலும் வேரு தூங்கும். வசந்தத்துல முளைச்சிடும்” என்றார். வகுப்பில் எனக்கு மட்டும் வியர்த்தது.

“எப்படிடா இருக்கு?” என்று அக்கா கேட்டார்.

“எல்லாம் உயிரோட இருக்குக்கா.”

நான் சொன்னதிலேயே மிக உண்மையான பொய் அது.

5

முடிவு அ: மறுபடி நிலச்சரிவு, தடயமே இல்லை. (என் சோம்பலுக்கு மலை ஏன் சரிய வேண்டும்?)

முடிவு ஆ: தகடுகளை ஆடு தின்றுவிட்டது. (ஆட்டுக்கும் மானம் உண்டு.)

முடிவு இ: அவன் அக்காவின் மேசை முன் நின்று, “அக்கா, நான் வந்து

“அக்கா, அந்தத் தகடு

[இரண்டு வரைவிலும் இதற்கு மேல் நகரவில்லை.]

6

துறை மலருக்குப் பிழை திருத்துவது நீங்கள்தான், அக்கா. ஆகவே இதன் முதல் வாசகி நீங்கள். தகடுகளைப் பிடுங்குவதற்கு முன் சரிவில் நான் எடுத்த ஒரு புகைப்படத்தில் பதினேழு எண்கள் தெரிகின்றன. எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்த எண் என்று வரைந்து, டப்பாவோடு உங்கள் மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மற்ற இருபத்து நான்கும் இந்நேரம் பச்சையாக முளைத்திருக்கும், பெயரில்லாமல்.

திங்கட்கிழமை காலை மலைப் பேருந்துக்கு இரண்டு இருக்கை பதிந்திருக்கிறேன். ஜன்னலோரம் உங்களுக்கு. முடிவு ஈ: பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதை நீங்களே எழுதி