சத்தமில்லாத தோட்டாவும் ஓலீட்டா அக்காவின் முட்டைக்கோசும்

கண்ணாடித் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. காலை எட்டு மணிக்குப் படுத்தால் மதியம் மூன்று வரை உலகம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். போன வருடம் பக்கத்து வீட்டு ஓலீட்டா அக்கா ஒன்பது மணிக்குப் புல்வெட்டும் எந்திரத்தைக் கிளப்பியபோது, ஜட்டியோடு வாசலில் நின்று நான் கத்திய கத்தல் ஒஹாயோ ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். அதிலிருந்து மூன்று மணி அடிக்காமல் அவள் அந்த எந்திரத்தைத் தொடுவதில்லை.

அக்காவுக்கு எழுபது வயது. ஊருக்கெல்லாம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். மாவட்டச் சந்தையின் முட்டைக்கோசுப் போட்டியில் ஏழு வருடமாக அவளுக்கு இரண்டாம் பரிசுதான். ஏழு சிவப்பு ரிப்பன்களும் ஃபிரிட்ஜ் கதவில் தொங்குகின்றன. முதல் பரிசான நீல ரிப்பனை ஏழு தடவையும் கிளைடு கிரைட்ஸ் என்கிறவர் கொண்டுபோய்விட்டார். இந்த வருடம் அக்காவின் காய் கன்றுக்குட்டித் தலை அளவு இருந்தது. தட்டினால் கல் மாதிரி. விட்டதைப் பிடித்துவிடலாம் என்று இருந்தாள்.

சந்தைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கிரவுண்ட்ஹாக் ஒன்று மோப்பம் பிடித்து வந்தது. பெருச்சாளிக்குப் பெரியப்பா, தோட்டத்துக்கு எமன்.

காலை பத்து மணிக்கு யாரோ திட்டுகிற சத்தத்தில் முழிப்புத் தட்டியது.

"உன் பல்லு கொட்டிப் போக. நிமிந்து உக்காந்து பாக்குற பாரு, கோர்ட்டு ஜட்ஜு மாதிரி."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செத்துப்போன புருஷனின் பாயின்ட் டூ-டூ ரைபிளை வராந்தாக் கம்பியில் சாய்த்துவைத்து அக்கா குறி பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது அடி எடுத்து வைக்கிற தூரத்தில் கோசுப்பாத்தி, அதற்குப் பின்னால் மண்மேடு. விசையை அழுத்தினாள். ஆபீசில் காகிதத்துக்குப் பின் அடிப்பது போல ஒரு 'டிக்', அவ்வளவுதான். தன்னைத்தான் சுடுகிறார்கள் என்று அந்தத் திருடனுக்கே தெரியவில்லை, போட்டிக்கு வளர்த்த கோசுக்குப் பின்னால் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தது. இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவது 'டிக்'கில் பரிசுக் கோசின் அடி இலை ஒன்று லேசாகத் துள்ளியதைப் பார்த்தேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ரைபிளின் குறி வேகமான தோட்டாவுக்கு வைத்தது. இவள் போட்டிருப்பது மருந்து குறைந்த மெதுவான தோட்டா. அது போகப் போகத் தாழ்ந்து, குறியிலிருந்து ஒரு சாண் கீழே விழுகிறது.

ஜன்னலைத் திறந்து என் வழக்கமான குரலில் ஒரு கத்து கத்தினேன். கிரவுண்ட்ஹாக் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடியது. அதற்கப்புறம் அது வரவே இல்லை.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "துப்பாக்கிச் சத்தத்துல எந்திரிச்சிட்டியா டெல்பர்ட்டு?"

"துப்பாக்கி இல்லக்கா. உங்க வாய்."

தோட்டாப் பெட்டியைக் காட்டினாள். "உன் தூக்கம் கெடக்கூடாதுன்னுதான் இத வாங்கினேன். குண்டு போறத விட விசை அடிக்கிற சத்தம்தான் பெருசுன்னான் கடைக்காரன். ஆனா என் குறி எப்படித் தப்புச்சுன்னுதான் தெரியல."

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவள் உள்ளே போனதும் பாத்திக்குப் போய்ப் பார்த்தேன். கோசின் அடியில் பட்டாணி அளவு ஓட்டை. வெளி இலையை இழுத்து அதை மூடிவிட்டு வந்தேன்.

சந்தையில் கிளைடும் அக்காவும் சரிக்குச் சரி மார்க். அப்படியானால் காயை வெட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். நடுவரம்மாள் அக்காவின் கோசில் கத்தியை இறக்கினாள். 'கரக்' என்றது. உள்ளங்கையில் ஒரு ஈயக்குண்டை எடுத்து வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்த்தாள்.

"புது உரமா ஓலீட்டா?" என்றார் கிளைடு. கூடாரமே சிரித்தது.

காயைத் துளைத்தது எதுவானாலும் இரண்டு மார்க் குறைப்பு என்று விதித்தாளில் இருந்தது. எட்டாவது சிவப்பு ரிப்பன்.

திரும்பி வரும்போது வண்டியில் சொல்லிவிட்டேன். "அக்கா, ஓட்டைய நான் அன்னிக்கே பாத்தேன். இலைய இழுத்து மூடினதும் நான்தான்."

"ஏன்டா சொல்லல?"

"நான் தூங்கணும்னு வாங்கின தோட்டா. அதாலயே காய் போச்சுன்னு எப்படிக்கா சொல்றது? போன வருஷம் அந்தக் கத்து கத்தினேன். எனக்கே வெக்கமா இருந்துச்சு."

 அடுத்த வளைவில் அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்த வருஷம் என் காய நானே சுட்டாத்தான் கிளைடால ஜெயிக்க முடிஞ்சிருக்கு."

"அடுத்த வருஷம் சத்தம் போடுற தோட்டாவையே போடுங்க. நான் எந்திரிச்சா எந்திரிச்சிட்டுப் போறேன்."

"போடா. அந்தப் பெட்டியில அம்பதுல இன்னும் நாப்பத்தேழு கெடக்கு. நாளைக்கு வேல முடிஞ்சு வா, குறிய மாத்துவோம்."

மறுநாள் மண்மேட்டில் வட்டம் போட்ட தாளைக் குத்திவைத்திருந்தாள். நான் வராந்தா நாற்காலியில் பைனாகுலரோடு உட்கார்ந்தேன். 'டிக்.' "ஒரு சாண் கீழக்கா." குறியை ஏற்றினாள். 'டிக்.' "இன்னும் நாலு விரக்கடை." அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது மணி மூன்றரை. என்மேல் ஒரு போர்வை கிடந்தது. தோட்டாப் பெட்டி காலி. மடியில் அந்தத் தாள், வட்டத்தின் நடுவில் கந்தலாக ஒரே ஓட்டை.

வலைக்கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா குசுகுசுவென்று கேட்டாள்: "எந்திரிச்சிட்டியா? இப்ப புல்லு வெட்டலாமா?"