கை அதிராத மட்டை

பல் டாக்டர் கோல்ஃபில் பெரிய புலி இல்லை. அதை அவரே ஒப்புக்கொள்வார். பதினெட்டுக் குழியிலும் பந்தை நூறு தடவைக்குள் அடித்துப் போட்டுவிட்டால் அன்றைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பார். ஆறு மாதமாகப் பாட்டே இல்லை. அடித்த பந்தெல்லாம் வலப்பக்கத்து மரங்களுக்குள் போய் விழுந்தது. கூட ஆடுகிறவர்கள் அவருக்குச் ‘சொத்தை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பல் டாக்டருக்கு வேறென்ன பெயர் கிடைக்கும்?

அவர் பழியைத் தூக்கி மட்டையின் மேல் போட்டார். மனைவி அதை நம்பவில்லை. கிளினிக்கில் அவருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். போன மாதம் இரண்டு தடவை மெல்லிய ஊசி அவர் விரலிலிருந்து நழுவியதைப் பார்த்தாள். போன வாரம் அவர் கட்டைவிரலில் தீக்கொப்புளம். எப்போது சுட்டது என்று கேட்டால், அவர் திருதிருவென்று விழித்தார். பதினைந்து வருடச் சர்க்கரை வேறு.

"நரம்பு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாங்க."

"என் கைக்கு ஒண்ணும் இல்ல. தப்பா அடிச்சாலும் பந்தை நேரா அனுப்புற மட்டை வந்திருக்காம். அதுல அடிச்சுப் பார்க்கிறேன். பந்து நேரா போச்சுன்னா இந்தப் பேச்சை விட்டுடணும்."

"போகலன்னா?"

"நீ சொல்ற டாக்டர்கிட்ட வர்றேன்."

அவளுக்கு அவசரம் இருந்தது. மறுநாள் அவள் தங்கைக்கு ஞானப்பல் எடுக்க வேண்டும். பல்லின் வேர் நரம்பை ஒட்டிக் கிடந்தது. கை கொஞ்சம் தவறினாலும் உதடு காலத்துக்கும் மரத்துப்போகலாம். தங்கையோ, அத்தான் இருக்கும்போது வேறு எவரிடமும் வாயைத் திறக்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதனால்தான் மனைவியும் கடைக்குக் கூடவே கிளம்பினாள்.

கடையின் பின்னறையில் பந்தடிக்க ஒரு பாயும், எதிரே தடித்த திரையும் இருந்தன. கடைக்காரர் டாக்டரின் பழைய மட்டையை வாங்கி, பந்து படும் முகத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினார். பந்து பட்ட இடத்தில் அது கறுக்கும். டாக்டர் பத்துப் பந்து அடித்தார். பத்துக் கறையும் ஓரத்திலேயே இருந்தன.

"ஓரத்துல பட்டா இந்த மட்டை முழங்கை வரைக்கும் அதிருமே சார். எப்படித் தாங்குறீங்க?"

"பழகிப்போச்சு" என்றார் டாக்டர், ஏதோ விருது வாங்கியவர் மாதிரி.

பிறகு புது மட்டையிலும் ஒரு தாளை ஒட்டிக் கொடுத்தார். முதல் பந்து நேராகப் போய்த் திரையின் நடுவில் மோதியது. இரண்டாவதும் அப்படியே. ஆறாவது பந்தில் டாக்டருக்குப் பாட்டே வந்துவிட்டது. தாளில் கறை இப்போதும் ஓரத்தில்தான் விழுந்திருந்தது. அதை யார் பார்த்தார்கள்?

"சரி, நான் தோத்துட்டேன்" என்றாள் மனைவி. சொல்லும்போது அவள் முகத்தில் பயம்தான் இருந்தது.

கடைக்காரர் சும்மா இருக்காமல், "நீங்களும் ஒண்ணு அடிங்கம்மா" என்று பழைய மட்டையை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லக்கூட மனமில்லாமல் அவள் வாங்கி ஒரு வீசு வீசினாள். பந்து ஓரத்தில் பட்டுச் சுவரோரம் உருண்டது. மட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் உதறினாள்.

"அம்மாடி, விரலெல்லாம் விறுவிறுங்குது. இதை வச்சா இத்தனை வருஷம் ஆடுனீங்க?"

டாக்டர் சிரிக்க வாயைத் திறந்தார், சிரிப்பு வரவில்லை. முன்பெல்லாம் ஓரத்தில் பட்டால் அவரும் இப்படித்தான் கையை உதறுவார். அது எப்போது நின்றது?

குனிந்து பழைய மட்டையை எடுத்தார். வேண்டுமென்றே ஓரத்தில் படும்படி ஓங்கி அடித்தார். சத்தம் கேட்டது. கைக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. இன்னொரு தடவை அடித்தார். அப்போதும் இல்லை.

பந்தயத்தில் அவர் ஜெயித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. முப்பது வருடமாகப் பிறர் வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் அந்த விரல்களால்தான் அவர் பார்த்துவந்தார். பழைய மட்டையைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

"இதையே கட்டிடட்டுமா சார்?" என்று புது மட்டையைத் தூக்கிக் காட்டினார் கடைக்காரர்.

"வேண்டாம். மட்டை நல்ல மட்டைதான்."

நாற்காலியில் உட்கார்ந்து கொழுந்தியாளுக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு வராதம்மா. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட சொல்லிவைக்கிறேன்."

"என்ன அத்தான், என் பல்லைப் பார்த்துப் பயந்துட்டீங்களா?"

"ஆமாம்மா, பயந்துட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "என் விரல் எனக்குத் தெரியமாட்டேங்குது" என்றார்.

போனை மடியில் வைத்தபோதுதான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அவருடைய மறுகையின் விரல்நுனிகளை அழுத்திப் பிடித்திருப்பதைப் பார்த்தார். எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.