பத்தாவது ஜன்னல்

பழவங்காடியிலிருந்து சற்று உள்ளே தள்ளி நிற்கும் அந்த மாடிக் கட்டடத்துக்குப் பத்து ஜன்னல் கட்டடம் என்று பேர். யாரோ ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் தன் ஊர் நினைப்பில் கட்டியது. வாசலுக்கு இந்தப் பக்கம் ஐந்து ஜன்னல், அந்தப் பக்கம் ஐந்து. கீழே இருப்பவை உயரம், மேலே இருப்பவை கொஞ்சம் குட்டை. வாசல்கதவின் தலைக்கு மேல் அரைவட்டக் கண்ணாடி. பெரிய ஹால்களையெல்லாம் பிற்பாடு பலகை வைத்துப் பிரித்ததில் எட்டுக் குடித்தனம் ஆயிற்று. ஏறி இறங்க ஒரே மரப்படி.

ராகேலின் போர்ஷன் மாடியில். தெருவிலிருந்து பார்த்தால் அவளுக்கும் ஒரு ஜன்னல் உண்டு: பச்சைப் பெயின்ட் அடித்த மரக்கதவு, சாத்தியபடி. உள்ளே வந்து பார்த்தால் வெறும் சுவர். அவளுக்கு முன் அங்கே குடியிருந்து, பிறகு பக்கத்துப் போர்ஷனுக்கு மாறிய பகவதியம்மாள்தான் செங்கல் வைத்து அடைத்துவிட்டாள் என்று ராகேல் முடிவு கட்டினாள். குடிவந்த வாரமே போய்க் கேட்டாள். "நான் அடைக்கல" என்று பதில் வந்தது. கண்ணால் கண்டதற்குச் சாட்சி எதற்கு? அன்றோடு பேச்சு நின்றது. இருபது கிறிஸ்துமஸுக்கு ராகேலின் கேக் ஆறு வீடுகளுக்குப் போயிற்று. பக்கத்து வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

தொண்ணூற்றேழில் அவள் புருஷன் அருமைநாயகம் பக்கவாதத்தில் விழுந்தார். பகலிலும் லைட் எரியவேண்டிய அறை அது. "வெளிச்சம்" என்ற ஒரு சொல்தான் அவர் வாயிலிருந்து ஓரளவு தெளிவாக வந்தது. பின்னால் அடுக்களையில் கொஞ்சம் வெளிச்சம் உண்டு, ஆனால் அங்கே கட்டில் நுழையாது. பொறுத்தது போதும், அந்த ஜன்னலைத் திறந்தே தீருவது என்று ராகேல் கொத்தனாரைக் கூப்பிட்டாள்.

கொத்தனார் சுவரைக் கொத்தினார். வெற்றுக் கூட்டைத் தட்டியதுபோல உள்ளே ஒரு சத்தம் கேட்டது. ஒரு கல்லை உருவி, டார்ச் அடித்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"சேச்சி, இங்க ஜன்னலே கெடயாது கேட்டோ. இது பொகக்கூண்டாக்கும். குளிரு காயதுக்கு வெள்ளக்கார சாயிப்பு கெட்டினது. தெருவுல இருந்து பாத்தா பத்துன்னு எண்ணம் திகையணும்னு வெளிய சும்மா ஒரு கதவ வச்சிருக்கான்."

"அப்போ ஆரும் அடைக்கலியா?"

"தொறந்து இருந்தாலில்லியா அடைக்கதுக்கு? இத இடிச்சா மேக்கூர மொத்தமும் தாழ வந்திரும்."

மார்கழியிலும் விசிறி தேடுகிற ஊரில் குளிர்காய ஓர் அடுப்பு! ஊரோடு ஒத்து வாழத் தெரியாத மனுஷன். பார்வைக்கு ஒரு ஜன்னலை ஒட்டவைத்து அவன் கணக்கைச் சரிசெய்துகொண்டான். அதன் பின்னால் ஒருவன் மூச்சுவிட வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. ராகேலுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் அவனோடு நிற்காமல் அவள்மேலேயே திரும்பியது. இருபது வருஷம்! வெட்கத்தில் காது சுட்டது.

முந்தானையில் சுண்ணாம்புத் தூசியைத் துடைத்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

"எக்கா, நீங்க அடைக்கல."

"நான் அப்பவே சொன்னேம்லா" என்றாள் பகவதியம்மாள்.

"பொகக்கூண்டுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பியா? நானும் கொத்தனாரக் கூப்பிட்டுப் பாத்தவதான். எங்க மாமியா அந்த அறையிலதான் படுத்த படுக்கையாக் கெடந்தா. பகல்ல மட்டும் ஒங்க ஜன்னலோரம் கட்டிலப் போட்டுக்கிடட்டான்னு அன்னைக்கு இங்க இருந்தவங்ககிட்ட வந்து கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. மூணு மாசம் சுவத்தப் பாத்துக்கிட்டே போய்ச் சேந்தா. இந்தப் போர்ஷன் காலியானதும் ஓடிவந்து எடுத்தேன். எதுக்கு எடுத்தேனோ, அவதான் இல்லியே."

ராகேல் வந்தது மன்னிப்புக் கேட்க. அதற்கு மேல் எதையும் கேட்க அவளுக்கு வாய் ஏது? பகவதியம்மாளோ ஜன்னலோரம் கிடந்த தன் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கத் தொடங்கியிருந்தாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்க? அந்தப் பக்கம் பிடி. அவரு கட்டிலு இங்க வரட்டும்."

ராகேல் அழுதுகொண்டே மறுமுனையைப் பிடித்தாள்.