பிழை பூஜ்யம்

மனித குலத்துக்கு இனி காகிதம் தேவையில்லை என்று விஞ்ஞானி அறிவித்தான். திரையில் சரியாக இருப்பது உலகத்திலும் சரியாகவே இருக்கும்; இல்லையென்றால் தப்பு உலகத்தின் பேரில்தான். இந்த அறிவிப்பைக் கேட்க அந்தப் பட்டறையில் அவனுடைய அக்காவும் ஒரு சால்டரிங் அயர்னும்தான் இருந்தார்கள். அயர்னாவது சூடானது. அக்கா நிமிரவே இல்லை.

விஞ்ஞானி என்பது அக்கா வைத்த பெயர். பாராட்டி வைத்ததல்ல.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த சர்க்யூட் போர்டையும் தொழிற்சாலைக்கு அனுப்பும் முன் அதன் படத்தை அசல் அளவில் அச்சடித்து, கத்தரித்து, தெர்மோகோலில் ஒட்டி, நிஜ பாகங்களின் கால்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்ப்பாள்.

"சொப்பு வச்சு விளையாடுற வயசாக்கா உனக்கு? அடுப்பு பத்திக்கிச்சா?"

"விளையாடுறேன், போடா."

அவன் தெம்புக்குக் காரணம் இருந்தது. அவன் போர்டு வரையும் மென்பொருள் இலவசம். அதன் உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பாகங்களின் வடிவங்களைக்கூட முகம் தெரியாத ஆட்கள் வரைந்து பொதுவில் போட்டிருந்தார்கள்.

"உலகமே உக்காந்து பார்த்திருக்குக்கா. தப்பு இருக்குமா?"

"உலகம் பார்த்துச்சு, சரி. நீ பார்த்தியா?"

"செக் பட்டனை அழுத்தினேன். பிழை பூஜ்யம்."

"கோடும் கோடும் ஒட்டலைன்னு அது சொல்லுது. பாகம் உட்காருமான்னு அதுக்கு என்னடா தெரியும்?"

அப்போது தையல்காரர் வந்தார். அவருக்கும் மனைவிக்கும் காது கேட்காது. வீட்டில் புதுக் குழந்தை. அது அழுதால் விளக்கு மின்னவேண்டும். அதற்குத்தான் விஞ்ஞானி வரைந்திருக்கும் இந்த போர்டு: அதிலுள்ள மைக் அழுகையைக் கேட்டதும், ரிலே என்கிற சுவிட்ச் விளக்கைப் போடும். அவர் மணிக்கட்டை நீட்டிக் காட்டினார். தையல் நூல் சுற்றியிருந்தது. மறுமுனையைத் தொட்டிலில் கட்டிக்கொண்டு தூங்குகிறாராம். பிறகு நூல் அறுந்ததை நடித்துக் காட்டினார். தான் தூங்கியதைக் காட்டினார். கடைசியில் குழந்தையின் முகத்தைக் காட்டினார்: வாய் பிளந்து, கண் இடுங்கி, சத்தமே இல்லாமல். உடனே, தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்பதுபோலச் சிரித்தார்.

அக்கா அவர் பார்க்கும்படி உதட்டை அசைத்து, "இவன் இன்னைக்கே தொழிற்சாலைக்கு அனுப்பிடுவான்" என்றாள். தையல்காரர் விஞ்ஞானியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நூல் உறுத்தியது.

விளக்கு மாட்ட இடம் பார்க்க அக்கா அவரோடு கிளம்பினாள்.

"ஃபைலை நீ ஒரு தடவை பார்க்கலையாக்கா?"

"எதுக்கு? பிழை பூஜ்யம்தானே."

கதவு சாத்திக்கொண்டது. விஞ்ஞானி மவுஸில் கை வைத்தான். எடுத்தான். ஜன்னலைத் திறந்தான், புழுதி வந்தது, மூடினான். தண்ணீர் குடித்தான், தாகம் இல்லாமல். அனுப்பியபின் திருப்பி எடுக்க முடியாது. தப்பாக வந்தால், அடுத்த போர்டு வரும்வரை அந்த வீட்டுக்கு நூல்தான் கதி. செக் பட்டனை அழுத்தினான். பிழை பூஜ்யம். அக்கா ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது நிம்மதியாக அனுப்பியிருப்பான்.

சும்மா பிரின்டரில் மை இருக்கிறதா என்று பார்ப்போமே என்று போர்டின் படத்தை ஒரு தாளில் அச்சடித்தான். அடித்ததுதான் அடித்தோம் என்று தெர்மோகோலில் ஒட்டி, பாகங்களைக் குத்திப் பார்த்தான். எந்தக் காலும் எந்தப் புள்ளியிலும் இறங்கவில்லை. வியர்த்துவிட்டது. ஸ்கேலை வைத்துப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, தாளுக்குள் அடங்கட்டும் என்று பிரின்டரே படத்தைச் சுருக்கியிருந்தது. பிரின்டரை, அதன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிவிட்டு, அசல் அளவு வைத்து மறுபடி அடித்தான்.

இப்போது எல்லாம் சமர்த்தாக உட்கார்ந்தன. மைக்கும்தான். ஆனால் அதன் வாய் உள்பக்கம் திரும்பி, ரிலேயின் முதுகில் முட்டிக்கொண்டு நின்றது. வெளியே பார்க்கத் திருப்பினால் கரன்ட் வாங்கவேண்டிய கால் எர்த்தில் நின்றது. யாரோ ஒரு புண்ணியவான் மைக்கை அடியிலிருந்து பார்த்து, இடம் வலமாக வரைந்துவிட்டார். உலகமே அதை உட்கார்ந்து பார்த்திருக்கிறது. விஞ்ஞானி உள்பட.

வடிவத்தைத் திருத்தினான். கோடுகளை மாற்றிப் போட்டான். பிழை பூஜ்யம் என்றது திரை, முன்பு சொன்ன அதே குரலில். திருத்திய வடிவத்தைப் பொதுவில் ஏற்றிவிடலாம் என்று கை போனது, பாதியில் நின்றது. இதையும் எங்கேயோ ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பானே.

அக்கா ஃபோன் செய்தாள். "அனுப்பிட்டியாடா?"

"போய்க்கிட்டே இருக்குக்கா."

"என்னது கரக் கரக்னு சத்தம்?"

"நெட் ஸ்லோ" என்றான். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நுனிநாக்கைக் கடித்தபடி, புதுத் தாளை ஓரக் கோடு தப்பாமல் கத்தரித்துக்கொண்டிருந்தான்.